நாங்கள் கும்பிடுபூச்சி வளர்த்த கதை

இவ்வாண்டு தை மாதம், பொங்கல் கழிந்த மறுவாரம், எங்கள் வளவின் மேற்கு வேலியை அடைப்பித்துக்கொண்டிருந்தோம். வெட்டி வீழ்த்திய கிளுவைக் கொப்புகளைத் தெருவோரத்துக்கு இழுத்துச் சென்ற என் இளைய மகள், அவற்றுள் ஒன்றைக் கையில் ஏந்தியவளாய் என்னிடம் ஓடிவந்தாள். கொப்பின் கீழ்ப்புறத்தில், பாக்களவினதாய், காய்ந்த நுரையை ஒத்த மண்ணிறப் பொருளொன்று ஒட்டியிருந்தது.

"அப்பா, இது என்ன? பிசினோ?" என்று கேட்டாள்.

அது பிசின் அன்று, கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. கல்லூரியில் உயிரியல் கற்பிக்கும் எனக்கு அதனை இனங்காண்பதில் ஐயம் இருக்கவில்லை. ஆயின், அவள் அடுத்துக் கேட்ட வினா என்னைத் திகைக்க வைத்தது.

"இதுக்குள்ளையிருந்து குஞ்சு வாறதை நீங்கள் பாத்திருக்கிறியளோ?"

நான் பார்த்ததில்லை. இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் இப்பூச்சியின் படத்தை வரைந்தவன் நான். "பெண் ஆணை உண்ணும்" என்ற வாக்கியத்தை ஆண்டுதோறும் மாணவரின் குறிப்புக் கொப்பிகளில் எழுதுவித்தவனும் நான். ஆனால் முட்டைக்கூட்டிலிருந்து குஞ்சு வருவதையோ, அது தோல் கழற்றுவதையோ, ஆணும் பெண்ணும் கூடுவதையோ ஒருநாளேனும் கண்ணாற் கண்டதில்லை. நூலிற் கற்றதை நூலிற் கற்றபடியே ஒப்புவித்து வந்தேன். பதினொரு வயதுச் சிறுமியின் முன்னே அதனை ஒப்புக்கொள்ளச் சற்று வெட்கமாகவே இருந்தது. "இல்லை, பிள்ளை. வா, இருவருமாகப் பார்ப்போம்" என்றேன். அன்று தொடங்கிய முயற்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

முனிவரின் குலமும் கோலமும்

முன்னங்கால்கள் இரண்டையும் மார்போடு மடித்துச் சேர்த்து, கைகூப்பித் தொழுவார் போல நிற்பதனால் இதற்குக் கும்பிடுபூச்சி என்று பெயர் வந்தது. தமிழ்கூறும் நாட்டின் பிற பகுதிகளிலே தயிர்க்கடைப் பூச்சி, இடையன் பூச்சி, பெருமாள் பூச்சி எனவும் வழங்குவர். மேல்நாட்டார் இதற்கு இட்ட ‘மான்ரிஸ்’ என்ற பெயரும் கிரேக்க மொழியிலே வருவதுரைப்போன் என்று பொருள்படும் சொல்லேயாம். கிழக்கிலும் மேற்கிலும் மனிதர் இதனைக் கண்டு பக்தியையே நினைத்திருக்கின்றனர். பூச்சியோ தொழுவதற்காகக் கைகூப்பவில்லை. அந்தக் கைகளின் உட்புறத்தில் வரிசையாக முட்கள் உள. இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும், கண் இமைக்கும் நேரத்திற்குள் கைகள் நீண்டு, இரையை முட்களுக்கிடையே இறுக்கி, வாய்க்குக் கொண்டுவந்துவிடும்.

உலகில் ஏறக்குறைய 2,400 இனக் கும்பிடுபூச்சிகள் இருப்பதாக அறிஞர் கணக்கிட்டுள்ளனர். தோற்றத்தில் வெட்டுக்கிளியை ஒத்திருப்பினும், இதன் நெருங்கிய உறவினர் கரப்பான் பூச்சியும் கறையானுமே என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எங்கள் வேலியிற் கிடைத்த கூடு, ‘ஹையரொடுலா’ என்னும் பேரினத்தைச் சேர்ந்த பெரிய பச்சைக் கும்பிடுபூச்சியினது. நன்கு வளர்ந்த பெண் 3 அங்குலத்திற்கு மேலும் நீளும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இன்னோர் இனம், மெலிந்து நீண்ட கழுத்தும் இலைபோல விரிந்த கால்மூட்டுகளும் உடையது. அதன் வடிவிலே வயலின் வாத்தியத்தைக் கண்ட மேல்நாட்டார், வயலின் கும்பிடுபூச்சி என்று அதனை அழைக்கின்றனர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1758 ஆம் ஆண்டிலேயே அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டிவிட்டார்.

குஞ்சுகள் வந்த காலை

கூடு ஒட்டியிருந்த கொப்புத்துண்டை வெட்டி, வாய் அகன்ற பெரிய கண்ணாடிப் போத்தலொன்றினுள், கூடு அடியைத் தொடாதவாறு நூலினாற் கட்டித் தொங்கவிட்டோம். வாயை நுளம்புவலைத் துண்டினால் மூடி, இறப்பர் வளையம் இட்டோம். இரண்டு நாளைக்கு ஒருமுறை கிணற்றுநீரைப் பனிபோலத் தெளித்தோம். கூடு முற்றாகக் காய்ந்தால் உள்ளே குஞ்சுகள் மடியும். எந்நேரமும் நனைந்திருந்தாற் பூஞ்சணம் பிடிக்கும். காற்றோட்டமும் அளவான ஈரமுமே அதற்கு வேண்டியவை. வெப்பநாட்டு இனங்களின் முட்டைகள் பெரும்பாலும் 4 முதல் 8 வாரங்களிற் பொரிக்கும். பனி பெய்யும் நாடுகளின் இனங்கள் சிலவற்றின் முட்டைகள் மாரி முழுவதும் உறங்கிக் கிடந்து, வசந்தத்திலேயே பொரிக்கின்றன.

நாட்கள் சென்றன. கூட்டில் எவ்வித மாற்றமும் தெரியவில்லை. மகள் நாள்தோறும் பாடசாலைக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் பார்ப்பாள். மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, அவள் இட்ட கூச்சலில் வீடு முழுவதும் விறாந்தைக்கு ஓடிற்று.

கூட்டின் நடுக்கோட்டு வழியே மெல்லிய மஞ்சள்நிறப் புழுக்கள் போன்றவை பிதுங்கி வந்து, கண்ணுக்குத் தெரியாத இழைகளிலே தொங்கின. ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கிய அவை, அந்நிலையிலேயே தம் முதலாவது தோலைக் கழற்றின. கழற்றியதும் புழு பூச்சியாயிற்று! கால் அங்குலத்திற்குச் சற்றே கூடிய உடல், முக்கோணத் தலை, மடித்த முன்னங்கைகள் யாவும் அமைந்திருந்தன. இறகு மாத்திரம் இல்லை. வண்ணத்துப்பூச்சியைப் போலப் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் இருந்து முற்றாக உருமாறும் வழக்கம் இதற்கில்லை. குஞ்சு, தாயின் சிற்றுருவமே. விலங்கியலார் இப்பருவத்தினை ‘அணங்கு’ என்பர்.

ஒரு மணி நேரத்திற்குள் போத்தல் நிறைந்துவிட்டது. எண்ணியெண்ணிக் களைத்து, 120 வரை இருக்குமென்று முடிவுசெய்தோம். இனத்தைப் பொறுத்து, ஒரு கூட்டிலிருந்து சில பத்துக் குஞ்சுகளும் வரலாம். சில நூறும் வரலாம். அத்தனையும் வாழ்வதற்கல்ல என்பதனை, மகளுக்கு அன்று நான் சொல்லவில்லை.

உணவும் பாவமும்

முதல் ஒரு நாள் அவற்றிற்கு உணவு வேண்டியதில்லை. அதன்பின் உயிருள்ள, அசையும் இரையே வேண்டும். சோற்றுப் பருக்கையையோ இலையையோ அவை ஏறெடுத்தும் பாரா. இங்கேதான் எங்கள் வீட்டிற் பூசல் தொடங்கிற்று.

நாங்கள் சைவ உணவினர். என் தாயார் எண்பதை அண்மியவர். எறும்பு மொய்த்த பாத்திரத்தையும் தட்டிவிட்டே கழுவுபவர். நான் ஈ பிடிப்பதற்குக் கடதாசிப் பையுடன் புறப்படக் கண்டதும் வழிமறித்தார்.

"தம்பி, இது பாவமெல்லே? ஒரு உயிரைப் பிடிச்சுக் குடுத்து இன்னொரு உயிரை வளக்கிறதோ? படிச்ச பிள்ளை செய்யிற வேலையோ இது?"

இயற்கையின் உணவுச் சங்கிலி பற்றி நான் எடுத்துரைத்த விளக்கம் அவரிடம் பலிக்கவில்லை. "அது வேலியிலை கிடந்து தன்ரை பாட்டிலை பிடிச்சுத் தின்னட்டும். அது அதின்ரை விதி. நீ பிடிச்சுக் குடுத்தா அது உன்ரை விதி" என்றார். நெடுநேரம் சிந்தித்தும் அதற்கு ஏற்ற மறுமொழி எனக்குக் கிடைக்கவில்லை. கூண்டில் அடைத்து வளர்ப்பவன், அக்கூண்டினுள் நிகழும் யாவற்றுக்கும் பொறுப்பாளியாகின்றான். அவ்வுண்மையை அன்னையார் என்னிலும் தெளிவாகக் கண்டிருந்தார்.

ஈற்றில் வழி சொன்னவரும் அவரே. நூறு குஞ்சுகளை வேலியிலும் செவ்வரத்தையிலும் பூவரசிலும் பரவலாக விட்டுவிடுவது. இருபதை மாத்திரம் மகளின் ஆசைக்காக வைத்திருப்பது. கையினால் எதனையும் பிடித்துக் கொடாமல், அளிந்த கதலி வாழைப்பழத்தைக் கூட்டினுள் வைத்து, தாமாக வரும் பழ ஈக்களை அவை தாமாகப் பிடித்துண்ண விடுவது என்பதே அந்த உடன்படிக்கை. பழ ஈ குஞ்சுகளுக்கு மிகப் பொருத்தமான முதல் உணவென்பது மேல்நாட்டில் இப்பூச்சிகளை வளர்ப்போரின் அனுபவமுமாகும். அம்மா விஞ்ஞானம் படியாமலே அம்முடிவுக்கு வந்திருந்தார்! அன்றுமுதல், அளிந்த பழத்தை எடுத்துவைக்கும் பொறுப்பும் அவருடையதாயிற்று.

பழ ஈக்கள் உட்செல்லக்கூடியவாறு வலையிற் சற்றுப் பெரிய துளைகள் இட்டோம். துளைகளால் குஞ்சு இரண்டு வெளியேறிவிட்டதும் உண்மையே. எறும்பைத் தடுப்பதற்கு மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் நிறைந்த சிரட்டைகளில் நிறுத்தினோம். எறும்புக் கூட்டம் புகுந்தால் ஓரிரவிலேயே குஞ்சுகள் யாவும் ஒழிந்துபோம். குடிப்பதற்குக் கிண்ணத்தில் நீர் வைத்தலாகாது. சிறு குஞ்சுகள் அதில் மூழ்கிவிடும். சுவரிலே தெளித்த துளிகளை அவை வாய்வைத்துப் பருகும் காட்சி பார்க்கத் தக்கது.

தனித்தனி வீடுகள்

இரண்டாவது வாரம், ஒரு காலை எண்ணியபோது இருபதிலே பதினான்கே எஞ்சியிருந்தன. தப்பியோடிய இரண்டு போக, நான்கு எங்கே? மகள் காணுமுன்னர் நானே கண்டுவிட்டேன். சற்றுப் பெரிய குஞ்சொன்று, தன் உடன்பிறந்ததனைக் கையில் ஏந்தி அமைதியாக உண்டுகொண்டிருந்தது.

அவளுக்கு மறைக்க இயலவில்லை. அழுதாள். "ஒரே வயித்துப் பிள்ளையளெல்லே?" என்று கேட்டாள். பூச்சிக்கு உடன்பிறப்பு என்ற எண்ணம் இல்லை. தன்னிலும் சிறியதாய் அசைவதெல்லாம் அதற்கு இரை. இடமும் உணவும் குறையுங்கால் இச்செயல் மிகும். குஞ்சுகளை இரண்டாவது தோல் கழற்றலின் பின்னரேனும் தனித்தனியே பிரித்துவிடல் வேண்டும். நான் அதனை அறிந்திருந்தும், "இன்னும் இரண்டு நாள்" என்று தள்ளிப்போட்டிருந்தேன். குற்றம் பூச்சியினதன்று, என்னுடையது. வயலின் கும்பிடுபூச்சி இதற்கு ஓரளவு விலக்கு. உணவு போதியதாயின் அவ்வினத்தவை பல ஒரே கூண்டில் இசைந்து வாழும்.

அன்று மாலையே பதினான்கு போத்தல்கள் தேடி எடுக்கப்பட்டன. ஜாம் போத்தல், ஊறுகாய்ப் போத்தல், பக்கத்து வீட்டார் தந்த பிளாஸ்ரிக் போத்தல் என யாவும் விறாந்தையில் அணிவகுத்தன. கூட்டின் உயரம் பூச்சியின் நீளத்தைப்போல மூன்று மடங்கேனும் இருத்தல் வேண்டும். கூரை வலையாகவோ, பிடித்துத் தொங்கத்தக்க சொரசொரப்பானதாகவோ இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஏன் அவசியம் என்பதை வேறொரு தவறு எனக்குக் கற்பித்தது.

பூச்சியின் தோல் வளராது, உடலே வளரும். ஆதலின், குஞ்சு பருவத்துக்குப் பருவம் பழைய தோலைக் கழற்றியே பெரிதாகின்றது. இனத்துக்கேற்ப ஆறு முதல் ஒன்பது தடவை வரை இது நிகழலாம். கழற்றுமுன் ஓரிரு நாள் உண்ணாது விரதம் இருக்கும். பின்பு கூரையைப் பின்னங்கால்களாற் பற்றித் தலைகீழாகத் தொங்கும். முதுகிலே தோல் வெடிக்கும். புதிய உடல் தன் பாரத்தினாலேயே மெல்ல மெல்லக் கீழ்நோக்கி வழுவி வெளியேறும். அவ்வேளை அதன் உடல் பசுமண்ணைப்போல மென்மையானது. விழுந்தாற் கால்கள் கோணிவிடும். கோணியது கோணியபடியே இறுகிவிடும்.

சித்திரை மாதத்தில் ஒருநாள், தலைகீழாகத் தொங்கிய குஞ்சொன்றினை நோயுற்றதென எண்ணி, போத்தலைத் திறந்து விரலினால் மெல்லத் தொட்டேன். பாதி கழன்ற தோலோடு அது கீழே விழுந்தது. இரண்டு நாளின் பின் இறந்தது. அது மகளின் கண்முன்னேயே நிகழ்ந்தது. அவள் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாட் காலை, போத்தல்கள் யாவற்றிலும் அவளுடைய கையெழுத்தில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது: "தொங்கினால் தொடக்கூடாது." வாசகர்களுள் எவரேனும் இப்பூச்சியை வளர்க்க நேரின், இவ்விரண்டு சொற்களையும் முதற்கண் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

நடக்கும் கால் ஒன்றை இழந்த குஞ்சுக்கு, அடுத்தடுத்த தோல் கழற்றல்களில் அக்கால் மீண்டும் சிறுகச் சிறுக முளைப்பதையும் கண்டோம். இறகு வந்து பருவம் நிரம்பியபின் அந்த வாய்ப்பு இல்லை. அதன்பின் தோல் கழற்றலும் இல்லை.

ஐந்து கண்ணும் ஒரு செவியும்

குஞ்சுகள் வளர வளர, பழ ஈ போதாதாயிற்று. பெரிய ஈக்களும் அந்துகளும் வேண்டியிருந்தன. அம்மாவின் உடன்படிக்கை மீறப்படாதவாறு, எஞ்சியவற்றை நுளம்புவலையால் அமைத்த பெரிய கூடுகளுக்கு மாற்றி, மாலையில் விறாந்தை விளக்கின் அருகே கூட்டின் வாயைச் சற்றே திறந்து வைத்தோம். விளக்கை நாடி வந்தவை தாமாக உள்ளே சென்றன.

"நான் எங்கை நிண்டாலும் இது என்னையே பாக்குது" என்று மகள் சொல்வாள். கும்பிடுபூச்சியின் பெரிய கூட்டுக்கண்ணிலே கருமணி போன்ற ஒரு புள்ளி தெரியும். பார்ப்பவர் நகர நகர அதுவும் நகர்வது போலத் தோன்றும். அது மெய்யான கருமணியன்று. எம் திசையை நேரே நோக்கும் கண்ணறைகள் ஒளியைத் திருப்பியனுப்பாமையால் கறுப்பாகத் தெரிகின்றன. இவ்விரு பெருங் கண்களன்றி, நெற்றியில் மூன்று சிறு கண்களும் உள. இரவிலே பெருங் கண்கள் கருமை அடையும். தலையையும் 180 பாகை வரை திருப்பவல்லது இப்பூச்சி.

இரையின் தூரத்தை இரு கண்களாலும் ஒருங்கே நோக்கி அளக்கும் ஆற்றல் இதற்குண்டு என்பதனை 1983 இல் சாமுவேல் றொசெல் என்ற ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். 2016 இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் விவேக் நித்தியானந்தா, ஜெனி றீட் முதலானோர், இதன் முகத்தில் நீலமும் பச்சையுமான மிகச் சிறிய கண்ணாடியைத் தேன்மெழுகினால் ஒட்டி, திரையில் இரையின் உருவத்தைக் காட்டினர். உருவம் திரைக்கு முன்னே நிற்பதாகத் தோன்றியபோது பூச்சி கைநீட்டிப் பாய்ந்தது!

செவியோ இதற்கு ஒன்றே. அதுவும் தலையில் இல்லை. மார்பின் அடிப்புறத்தில், பின்னங்கால்களுக்கிடையே உள்ளது. டேவிட் யேகர், றொனல்ட் ஹோய் என்னும் இருவர் 1986 இல் இதனை உலகிற்கு அறிவித்தனர். எமக்குக் கேளாத மிகை ஒலியையே அச்செவி கேட்கும். இரவில் பறக்கும் பூச்சி, தன்னைத் தேடும் வௌவாலின் ஒலி கேட்டதும், சட்டெனத் தாழப் பாய்ந்து உயிர் தப்புகின்றது.

மணவினை

ஆடி பிறந்தபோது ஆறு பூச்சிகள் இறகு பெற்றுப் பருவம் அடைந்திருந்தன. அவற்றுட் பெரியதற்கு மகள் ‘முனிவர்’ என்று பெயர் சூட்டியிருந்தாள். வயிற்றின் அடிப்புறத்து வளையங்களை எண்ணிப் பார்த்தால் ஆணையும் பெண்ணையும் பிரித்தறியலாம். ஆணுக்கு எட்டு, பெண்ணுக்கு ஆறு. எண்ணியபோது முனிவர் முனிபத்தினியாகிவிட்டார். வீட்டில் ஒரே சிரிப்பு. நான்கு ஆண்களும் இரண்டு பெண்களும் இருந்தன. மூன்று ஆண்களையும் ஒரு பெண்ணையும் வேலியில் விட்டோம். முனிபத்தினியும் மெலிந்த உடலும் நீண்ட உணர்கொம்பும் கொண்ட ஓர் ஆணும் எஞ்சின.

இவற்றைக் கூட்டுவதா, விடுவதா என்பது அடுத்த பிரச்சினை. "பெண் ஆணைத் தின்னும் எண்டு அண்ணாவின்ரை கொப்பியிலை கிடக்குது. நீங்கள் சொல்லித்தானே எழுதினவை?" என்றாள் மகள். அவள் தமையனும் என் மாணவனே.

அவ்வாக்கியத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். பிரான்சு தேசத்துப் பூச்சியியல் அறிஞரும், ஒருகாலத்திற் பாடசாலை ஆசிரியராக இருந்தவருமான ஷோன் ஆன்றி ஃபாபர் (1823 - 1915), 1897 இல் வெளியிட்ட தம் நூலின் ஐந்தாந் தொகுதியிலே, கம்பிவலைக் கூண்டுகளில் தாம் வளர்த்த கும்பிடுபூச்சிகளில் பெண் ஆணை உண்டதை விரிவாக எழுதியுள்ளார். இரை பிடித்துவர அயற் சிறுவருக்கு ரொட்டித் துண்டும் பழக்கீற்றும் கைக்கூலியாகக் கொடுத்தாராம். அவர் கண்டது பொய்யன்று; ஆயின், அது கூண்டிற் கண்ட காட்சி. தப்பியோட இடமில்லாத ஆணுக்கு வேறு கதி ஏது? 1987 இல் லிஸ்கே, டேவிஸ் என்னும் ஆய்வாளர், சீனக் கும்பிடுபூச்சிகளுக்கு நிறைய உணவளித்து, மனிதர் அருகில் நில்லாமற் படம் பிடித்தபோது, அவை நெடுநேரம் ஒன்றையொன்று நயந்து அணுகியதையும், உண்ணும் செயல் பொதுவிதியன்று என்பதையும் கண்டனர். பசித்த பெண்ணே பெரிதும் அவ்வாறு செய்யும். 2016 இல் வில்லியம் பிறவுன், கதரின் பரி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டிற்று. உண்ணப்பட்ட ஆணின் உடற்சத்து முட்டைகளுக்குச் சென்று சேர்கின்றது. அவ்வாறு உண்ட பெண் கூடுதலான முட்டைகளை இடுகின்றது. தந்தையின் உடலே பிள்ளைகளுக்கு முதல் முதுசொம் ஆகின்றது.

பெண் இறகு பெற்று மூன்று வாரம் சென்றபின், ஆவணி மாதத்து ஒரு மாலை அவற்றைச் சேர்த்தோம். கூண்டினுள் அன்று, முற்றத்துச் செவ்வரத்தையிலே. மூன்று நாளாக நிறைய உணவு பெற்றிருந்த முனிபத்தினி, கொப்பொன்றில் இருந்து பெரிய அந்து ஒன்றை உண்டுகொண்டிருந்தது. ஆணை அதன் பின்புறமாக, இரண்டடி தூரத்தில் விட்டோம். அது அசையவில்லை. பின்பு ஓரடி வைத்தது, நின்றது. காற்று வீசி இலைகள் ஆடும்போது மாத்திரம் தானும் நகர்ந்தது. இரண்டடியைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முடிவில் இறகை விரித்து ஒரே பாய்ச்சலாகப் பெண்ணின் முதுகில் ஏறிற்று. இரவு நாங்கள் உறங்கச் சென்றபோதும் அவை பிரியவில்லை.

விடியுமுன் மகள் என்னை எழுப்பினாள். ரோர்ச் வெளிச்சத்தில் நோக்கினோம். முனிபத்தினி தனியே இருந்தது. கீழே இறகோ காலோ ஏதும் கிடக்கின்றதா என்று இருவரும் மண்டியிட்டுத் தேடினோம். ஒன்றும் இல்லை. "அப்பா, அங்கை!" என்றாள். எட்டு அடிக்கு அப்பால், கிணற்றடி வாழையிலையின் மீது ஆண்பூச்சி உட்கார்ந்து தன் உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் பறந்து போயிற்று. அதனை மீண்டும் காணவில்லை.

கூடும் குளவியும்

பத்து நாளின் பின் முனிபத்தினி முட்டையிட்டது. தலைகீழாக நின்று, வயிற்று நுனியிலிருந்து வெண்ணுரையைச் சுரந்து, அந்நுரையினுள்ளே முட்டைகளை அடுக்கடுக்காகப் பதித்தது. இரண்டு மூன்று மணி நேரத்தில் நுரை இறுகத் தொடங்கிற்று, மறுநாள் மண்ணிறமாயிற்று. ஒருமுறை கூடிய பெண், பல வாரங்களில் பல கூடுகள் இடவல்லது. ஆணோடு கூடாத பெண்ணும் கூடு இடும்; ஆனால் பெரும்பாலான இனங்களில் அம்முட்டைகள் பொரியா. அமெரிக்காவில் வாழும் ஓர் இனத்திலோ ஆணே இல்லை. பெண்கள் மாத்திரமே தலைமுறை தலைமுறையாகத் தனித்து இனம் பெருக்குகின்றன!

எங்கள் கதையைக் கேட்ட மாணவனொருவன் தன் வளவிலிருந்து வேறொரு கூட்டைக் கொணர்ந்தான். அதிலிருந்து கும்பிடுபூச்சி வரவில்லை. பச்சை மினுக்கமும் நீண்ட வாலூசியும் கொண்ட சின்னஞ்சிறு குளவிகள் பக்கத்துத் துளைகளால் வெளிவந்தன. கும்பிடுபூச்சியின் முட்டையைத் தின்று வளரும் ‘பொடாகிரியன்’ என்னும் குளவிகள் அவை. ஏமாற்றமடைந்த மாணவனுக்கு, வேட்டையாடுவோரையும் வேட்டையாடுவோர் உளர் என்று கூறி ஆறுதல் அளித்தேன்.

இன்னொன்றும் இங்கு சொல்லத்தக்கது. இத்தகைய பூச்சிகளை விலைக்கு வாங்கி வளர்ப்போர் வெளிநாடுகளிற் பலர் உளர். எம் நாட்டிலிருந்து அனுமதியின்றி உயிரினங்களைப் பிடித்துக் கொண்டுசெல்வது பாரதூரமான குற்றமாகும். 2024 இல் யால தேசியப் பூங்காவிற் பூச்சிகளைப் பிடித்துப் போத்தல்களில் அடைத்த இத்தாலியர் இருவருக்கு 6 கோடி ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. வேலியில் கண்டதை வேலியிலேயே திரும்ப விடுவதே நன்று. பயிருக்குக் காவலாக இதனை விடலாமா என்று கேட்போரும் உளர். இது தீய பூச்சி, நல்ல பூச்சி என்று பாராது. தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் உண்ணும். தோட்டத்தில் இருக்கவேண்டிய பல உயிர்களுள் இதுவும் ஒன்று என்ற அளவிலே மதிப்பதே முறை.

கார்த்திகையில்

ஆவணியில் இட்ட கூடு ஐப்பசியிற் பொரித்தது. அக்குஞ்சுகளை நாங்கள் அடைத்து வைக்கவில்லை. அவை செவ்வரத்தையில் பரவி மறைந்தன. அப்போது முனிபத்தினி முதுமை எய்திவிட்டது. இறகு நைந்தது, கண்ணிலே கரும்புள்ளி விழுந்தது, கை நீட்டினால் இரைக்கு எட்டவில்லை. ஐப்பசி கடைசியில் மூன்றாவது கூட்டை இட்டு, ஐந்தாம் நாள் இறந்தது. தை மாதம் கூட்டினுள் கண்டெடுத்த உயிர், ஓராண்டு நிரம்புமுன்னே தன் வாழ்வை முடித்துக்கொண்டது. இவ்வினத்தின் முழு ஆயுளே அவ்வளவுதான். மகள் இம்முறை அழவில்லை. அம்மாவுடன் சென்று, செவ்வரத்தையின் அடியிலே அதனைப் புதைத்தாள். "பாவம், நல்லா இருந்திட்டுப் போயிட்டுது" என்று அம்மா சொன்னது என் செவியில் விழுந்தது.

சென்ற வாரம் வகுப்பில் அப்பாடம் மீண்டும் வந்தது. "பெண் ஆணை உண்ணும்" என்று எழுத எடுத்த கை சற்று நின்றது. "பசித்த பெண் ஆணை உண்ணக்கூடும், எப்போதும் அன்று" என்று எழுதினேன். ஒரு மாணவன் எழுந்து, "சேர், பரீட்சையில் எதை எழுதுவது?" என்று கேட்டான். "கண்டதை எழுது" என்றேன். "நாங்கள் காணவில்லையே, சேர்" என்றான். அடுத்த கிழமை ஒருநாள் முழு வகுப்பும் எங்கள் வீட்டுக்கு வருவதென முடிவாயிற்று.

மூன்றாவது கூடு இப்போது மழையில் நனைந்தவாறு செவ்வரத்தைக் கொப்பிலே தொங்குகின்றது. வரும் தையில் வேலி அடைக்கும் வாசகர்கள், கொப்புகளை எரிக்குமுன் ஒருமுறை திருப்பிப் பார்ப்பார்களாக. காய்ந்த நுரை போன்ற ஒன்று தென்படின், அத்துண்டை வெட்டி வேலியிலே கட்டிவிடுங்கள். வீட்டில் சிறுவர் இருப்பின் அவர்களையும் அழைத்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு விடை தெரியாவிடின், அதனை மறைக்கவும் வேண்டாம்.